சிப் சாவி

சிப் சாவி என்பது பூட்டைத் திருப்பும் உலோகத் தகட்டோடு, காரின் கணினி அடையாளம் காணும் சிறு மின்னணுச் சில்லையும் கொண்ட சாவி. கோடிங் சாவி, இம்மொபிலைசர் சாவி என்றும் இதைச் சொல்வார்கள். புதுக் கார் வாங்கினால் இரண்டு சாவி கிடைக்கும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் வட்டாரத்தில் கைமாறும் பழைய கார்கள் பலவற்றில் ஒன்றுதான் கைக்கு வரும். அப்போது வாங்கியவருக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன: தனக்கு ஸ்பேர் சாவி செய்துகொள்வது, வேறெவரிடமோ இருக்கக்கூடிய சாவியைச் செல்லாததாக்குவது. முதல் வேலையோடு நின்றுவிடுபவர்களே அதிகம்.

தோற்றம்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, 1983-இல் வந்த மாருதி 800 ஆகியவற்றின் சாவி வெறும் உலோகம். பல்வரிசை பொருந்தினால் வண்டி கிளம்பும். சாவிக்காரர் அரத்தால் ராவிக் கொடுத்தால் போதும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டிலும் ரகசியம் முழுவதும் உலோகத்தின் வடிவத்தில்தான் இருக்கிறது.

ரகசியத்தை உலோகத்திலிருந்து மின்சாரத்துக்குக் கொண்டுபோன தொடக்க முயற்சிகளில் ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தினுடையது. 1986 மாடல் செவர்லே கார்வெட் காரின் சாவித் தகட்டில் ஒரு மின்தடை வில்லை பதித்திருந்தார்கள். மொத்தம் 15 அளவுகளே இருந்ததால் பொறுமையுள்ள திருடன் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க முடிந்தது. 1990-களில் வில்லையின் இடத்தை ரேடியோ சில்லு பிடித்தது. ஜெர்மனியில் 1995 முதல் காப்பீட்டு நிறுவனங்கள் இதை வற்புறுத்தின. பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று; ஆஸ்திரேலியா 2001-இலும் கனடா 2007-இலும் பின்தொடர்ந்தன. அமெரிக்காவில் கட்டாயம் இல்லை. அங்கே விற்ற கியா, ஹுண்டாய் மாடல்கள் பலவற்றில் இந்த வசதி இல்லாமல் போனதால், 2022 வாக்கில் டிக்டாக் வீடியோ பார்த்தே இளைஞர்கள் கார் திருடும் நிலை வந்தது. இந்தியாவில் மாருதி இதை ஐகேட்ஸ் என்ற பெயரில் தன் கார்களில் கொண்டுவந்தது.

இயங்கும் விதம்

சாவி போடும் துளையைச் சுற்றி ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். சாவியைத் திருப்பியதும் அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் காந்தப் புலத்தை உண்டாக்கும். சில்லுக்குப் பேட்டரி கிடையாது. அந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். பிற்காலச் சில்லுகளில் கார் ஒரு கேள்வி எண்ணை அனுப்பும். சில்லு ரகசியக் கணக்குப் போட்டு விடை அனுப்பும். விடை சரியென்றால் எஞ்சினுக்கு எரிபொருள் போகும்.

சில்லு இல்லாத நகலைப் போட்டால் நடப்பது இதுதான்: ஸ்டியரிங் லாக் விடுபடும், மீட்டரில் விளக்குகள் எரியும், பல கார்களில் செல்ஃப் மோட்டாரும் சுற்றும். எஞ்சின் ஓரிரு நொடி பிடித்து அணைந்துவிடும், அல்லது பிடிக்கவே பிடிக்காது. மீட்டரில் சாவி வடிவ விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும்.

கதவைத் திறக்கும் ரிமோட் பொத்தான் தனி ஏற்பாடு. இந்தியக் கார்களில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அதற்கு மட்டும்தான் பேட்டரி தேவை. ரிமோட் பேட்டரி தீர்ந்தாலும் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும்.

சில்லு அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குழாயாகவோ சிறு கறுப்புக் கட்டியாகவோ சாவியின் தலைக்குள் கிடக்கும். தேய்ந்த பிளாஸ்டிக் கூட்டை மாற்றும்போது, ரிமோட் பலகையைப் புதுக் கூட்டுக்கு மாற்றிவிட்டு, பழைய கூட்டின் மூலையில் ஒட்டியிருக்கும் சில்லைக் கவனிக்காமல் குப்பையில் போட்டுவிடுவது உண்டு. கதவு திறக்கும், வண்டி ஓடாது. கூடு மாற்றுபவர்கள் கடையை விட்டுக் கிளம்புமுன் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்ப்பது அவசியம்.

பட்டன் ஸ்டார்ட் கார்களில் சாவியைத் துளையில் போட வேண்டியதில்லை. கார் அனுப்பும் மெல்லிய அலை சாவியை எழுப்ப, சாவி ரேடியோவில் விடை சொல்லும். பேட்டரி தீர்ந்துபோனால் பல மாடல்களில் சாவியையே பட்டனில் ஒட்டிவைத்து அழுத்தி வண்டியைக் கிளப்பலாம். கதவைத் திறக்கச் சாவிக்குள்ளேயே ஒரு சிறு உலோகச் சாவி ஒளிந்திருக்கும்.

பழைய கார் சந்தையில்

கொங்கு ஊர்களில் பழைய வண்டி வாங்கி விற்கும் கடைகளுக்கு ஆட்டோ கன்சல்டிங் என்று பெயர். அங்கே நிற்கும் கார் பல கை மாறி வந்திருக்கலாம். டி.என். 37, 38, 66, 99 என்ற கோவைப் பதிவு எண்கள் மட்டுமின்றி, பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் கேரளப் பதிவு வண்டிகளும் அவற்றில் உண்டு.

இரண்டாம் சாவி இல்லாமல் போகப் பல காரணங்கள். முதல் உரிமையாளர் தொலைத்திருக்கலாம். அவர் வீட்டு அலமாரியில் மறந்து கிடக்கலாம். பழைய டிரைவரிடம் இருக்கலாம். கடன் கொடுக்கும்போது ஒரு சாவியை வாங்கி வைத்துக்கொள்ளும் பைனான்ஸ்காரர்களும் உண்டு. கடன் அடைந்து படிவம் 35 மூலம் ஆர்.சி.யிலிருந்து அடமானக் குறிப்பு நீங்கிய பின்பும், அந்தச் சாவியைக் கேட்டு வாங்க மறந்துவிடுகிறார்கள். எனவே பேரம் முடியுமுன் சாவிகளை எண்ணிக் கேட்பதும், ஒரு சாவிதான் என்றால் டெலிவரி நோட்டில் அதை எழுதி வாங்குவதும் நல்லது. புதுக் காரோடு வரும் சாவி எண் பொறித்த சிறு வில்லையும், சில நிறுவனங்கள் தரும் கோடு அட்டையும் கிடைத்தால் செலவும் அலைச்சலும் குறையும்.

நகல் பெறும் வழிகள்

முதல் வழி நிறுவன சர்வீஸ் சென்டர். கோவையில் அவிநாசி சாலை, திருச்சி சாலை, மேட்டுப்பாளையம் சாலை ஓரங்களில் இவை மிகுதி. ஆர்.சி., உரிமையாளரின் அடையாளச் சான்று, சேசிஸ் எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். ஆர்.சி. இன்னும் பழையவர் பெயரில் இருந்தால் வேலை இங்கேயே நின்றுவிடலாம். சாவியை நிறுவனத்திடம் ஆர்டர் செய்து தருவித்த பின், காரைக் கொண்டுபோய் நிறுத்தி ஸ்கேனர் கருவியால் பதிவு செய்வார்கள். இதற்குக் காருக்கென்று உள்ள ரகசிய எண் தேவை. ஹுண்டாய் கார்களில் அது 6 இலக்கம்.

இரண்டாம் வழி வெளிச் சாவிக் கடை. உலோகத் தகட்டை எந்திரத்தில் வெட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 முனை ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியைச் செருகிப் பதிவு செய்வார்கள். ஆட்டெல், எக்ஸ்ஹார்ஸ் போன்ற சீன நிறுவனங்களின் கருவிகள் இந்தத் தொழிலில் பரவலாக இருக்கின்றன. செலவும் நேரமும் குறைவு. காரின் ரகசிய எண்ணை ஒருவர் கையில் கொடுக்கிறோம் என்பதால், முகவரியுள்ள கடையில் ரசீதோடு செய்வது பாதுகாப்பு.

மூன்றாவது குளோனிங். இதில் காரைத் தொடுவதே இல்லை. இருக்கும் சில்லின் எண்ணை இன்னொரு சில்லில் அப்படியே எழுதிவிடுவார்கள். கார் இரண்டையும் ஒரே சாவி என்றே நினைக்கும். அவசரத்துக்கு உதவும்; ஆனால் பழைய சாவி எதையும் இது நீக்காது.

பல ஃபோர்டு மாடல்களில், பதிவான சாவி இரண்டு கையில் இருந்தால் மூன்றாவதை உரிமையாளரே பதிவு செய்யலாம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுத் திருப்பிவிட்டு, சில நொடிகளுக்குள் புதியதைப் போட வேண்டும். ஒரே சாவியோடு வந்த காருக்கு இந்த வழி அடைபட்டிருக்கும். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. செவர்லே 2017 முடிவில் இங்கே விற்பனையை நிறுத்தியது. நிறுவனமே விலகிக்கொண்ட இவ்வகைக் கார்களை வாங்குபவர்கள் ஸ்பேர் சாவியைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

பழைய ரிமோட்டை வாங்கிப் பதிவு செய்யலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பட்டன் ஸ்டார்ட் சாவிகள் பல, முதலில் பதிவான காரோடு பூட்டிக்கொள்பவை, வேறு காரில் ஏறாது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா மாடல்கள் சிலவற்றில் சில்லைச் சரிபார்க்கும் இம்மொபிலைசர் மீட்டருக்குள்ளேயே இருப்பதால், வேறு வண்டியிலிருந்து கழற்றிய மீட்டரை மாட்டினாலும் சாவி வேலை செய்யாது.

பழைய பதிவை நீக்குதல்

காரின் நினைவகத்தில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்பதை ஸ்கேனர் பெரும்பாலும் காட்டிவிடும். கையில் ஒன்றும் பதிவில் மூன்றும் இருந்தால், மீதி இரண்டு எங்கோ இருக்கின்றன என்று பொருள். எல்லாப் பதிவையும் அழித்துவிட்டு, கையிலுள்ள சாவிகளை மட்டும் மறுபடி ஏற்றச் சொல்ல வேண்டும். சில கார்களில் புதிய சாவியைப் பதிவு செய்யும்போது பழைய பதிவுகள் தாமாகவே அழியும்; அங்கே இருக்கும் சாவிகள் அனைத்தையும் கொண்டுபோகாவிட்டால் நல்ல சாவியும் செத்துவிடும்.

நீக்கிய சாவியால் எஞ்சினைக் கிளப்ப முடியாது. ஆனால் அதன் உலோகத் தகடு கதவை இன்னும் திறக்கும். அதையும் தடுக்க வேண்டுமானால் லாக் செட் முழுவதையும் மாற்ற வேண்டும்.

எல்லாச் சாவியும் தொலைந்தால்

கடைசிச் சாவியும் தொலைந்தால் வேலை பல மடங்கு கூடும். வண்டியை டோ செய்து கொண்டுபோக வேண்டியிருக்கும், அல்லது ஆளை வரவழைக்க வேண்டும். சாவி எண் இல்லையென்றால் பூட்டைக் கழற்றிப் பல்வரிசையைக் கண்டறிவார்கள். சில மாடல்களில் இம்மொபிலைசர் பெட்டியைத் திறந்து நினைவகச் சில்லை நேரடியாகப் படிக்க வேண்டிவரும். தவறினால் பெட்டியே வீணாகும். ஒரு சாவி ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதைச் செய்துவிடுவதுதான் மலிவு.

ஆவணமும் காப்பீடும்

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு உரிமை மாற்றம் பற்றியது. படிவம் 29, 30 இதற்கானவை. காப்பீட்டுப் பாலிசியின் சொந்தச் சேதப் பகுதியைத் தன் பெயருக்கு மாற்ற, வாங்கியவர் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கார் திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் பொதுவாக இரண்டு சாவியையும் ஒப்படைக்கச் சொல்லும். ஒன்றுதான் உண்டென்றால் காரணம் கேட்கும். அப்போது டெலிவரி நோட்டும், சாவி செய்த ரசீதும், தொலைந்தபோது காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீதும் கைகொடுக்கும். சாவி மாற்றும் செலவுக்கெனத் தனி ஆட்-ஆன் பாலிசியும் உண்டு.

பாதுகாப்புக் குறைகள்

சில்லின் கணக்கு உடைக்க முடியாததல்ல. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லின் 40 பிட் ரகசியத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்தினரும் 2005-இல் உடைத்தார்கள். ஹிட்டாக்-2 சில்லை ஆறு நிமிடத்தில் உடைக்கலாம் என 2012-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மெகாமோஸ் சில்லை உடைப்பது பற்றிய ஆய்வுக் கட்டுரையை ஃபோக்ஸ்வேகன் 2013-இல் லண்டன் நீதிமன்றத்தில் தடுத்தது. 2015-இல்தான் அது வெளிவந்தது. பட்டன் ஸ்டார்ட் சாவியின் அலையை இடையில் நின்று நீட்டித்துக் காரைத் திறக்க முடியும் என்பதைச் சூரிச் ஆய்வாளர்கள் 2011-இல் நிறுவினார்கள்.

கைப்பேசி வழிச் சாவி

2019-இல் ஹுண்டாய் வென்யூவோடு புளூலிங்க் வந்த பின், இந்தியாவில் பல நிறுவனக் கார்களைக் கைப்பேசிச் செயலியிலிருந்தே பூட்டவும் திறக்கவும் முடிகிறது. இத்தகைய காரை விற்றவர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கவில்லையென்றால், அவருடைய கைப்பேசியும் பதிவேட்டில் இருக்கும் இன்னொரு சாவிதான். சாவிகளை எண்ணி வாங்கும்போதே அந்தக் கணக்கையும் நீக்கச் சொல்லி, தன் பெயரில் புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும்.