ஓட்டைப் பெட்ரோல் டின்களும் ஒரு ஜெர்மன் கேனும்

வண்டிக்குச் சொந்தமாகப் பெட்ரோல் டாங்க் செய்யக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்தத் தகடு போடலாம்?" என்றுதான். எம்.எஸ். தகடா, எஸ்.எஸ்.ஸா, அலுமினியமா என்று அரை நாள் விவாதம் நடக்கும். அதை எப்படி ஒட்டுவது என்பது மட்டும் பட்டறைக்காரர் பாடு! ஆனால் புது டாங்க் ஒழுகுவது தகட்டின் நடுவில் இல்லை, இரண்டு தகடு சேருகிற இடத்தில். (துருப்பிடித்து அடிப்பாகம் ஓட்டையாவது வேறு கதை, அதற்கு வருடக்கணக்காகும்.) இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிக்காததால் ஒரு பேரரசின் படையே பாலைவனத்தில் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

இரண்டாம் உலகப்போர். வட ஆப்பிரிக்கா. 1940-லிருந்து 1943 வரை எகிப்துக்கும் துனிசியாவுக்கும் நடுவே பிரிட்டிஷ் படையும், ஒரு பக்கம் இத்தாலியும் ஜெர்மனியும் மாறி மாறித் துரத்திக்கொண்டிருந்தன. அங்கே ஆறு இல்லை, ஊர் இல்லை, பெட்ரோல் பங்க் கண்டிப்பாக இல்லை. ஒவ்வொரு லிட்டரையும் லாரியில் ஏற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோக வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் இதற்குப் பயன்படுத்தியது நான்கு காலன், அதாவது சுமார் 18 லிட்டர் பிடிக்கும் சதுர டின். நம்மூர் மளிகைக் கடையில் 15 கிலோ எண்ணெய் வரும் டின் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே சாயல். வெள்ளீயம் பூசிய மெல்லிய தகரம், ஓரங்களை மடித்தோ ஈயப்பற்று வைத்தோ ஒட்டியது. செய்ய மலிவு. ஒரு தடவை பயன்படுத்தி வீசிவிடலாம். எகிப்திலேயே தயாரித்துக்கொள்ளலாம். கணக்குப் பார்க்கிற அதிகாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சிப்பாய்கள் இதற்கு வைத்த பெயர் 'ஃப்ளிம்ஸி'. நோஞ்சான் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடு பள்ளத்தில் லாரி குலுங்கும்போது மடிப்பு விரியும், ஈயப்பற்று விரிசல் விடும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று மென்மையானது, தொடர்ந்து குலுங்கினால் களைத்து உடைந்துவிடும். அது சுமை தாங்குவதற்கான பொருளே இல்லை, இடைவெளியை அடைக்கத்தான் லாயக்கு. டின்களை அடுக்கினால் கீழ் வரிசை நசுங்கும். பகல் வெயிலில் உள்ளே பெட்ரோல் விரியும், இரவுக் குளிரில் சுருங்கும். தட்டையான தகரப் பக்கங்கள் அதற்கேற்ப உப்பி ஒடுங்க, அந்த வேலை முழுவதும் ஓரத்து இணைப்பில்தான் போய் விழும். கப்பலில் ஏற்றினால் இன்னும் ஆபத்து. ஒழுகிய பெட்ரோல் ஆவியாகி அடித்தளத்தில் தேங்கினால் ஒரு தீப்பொறி போதும்.

எவ்வளவு வீணாயிற்று? மத்தியக் கிழக்குப் படைத்தலைவராக இருந்த ஆக்கின்லெக், கிடங்கிலிருந்து பயன்படுத்துகிறவர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் 30 சதவீதம் போய்விடுகிறது என்று மதிப்பிட்டார். அந்தப் பெட்ரோல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. அதைக் காப்பாற்றிக் கொண்டுவரும்போது மாலுமிகள் செத்தார்கள். இவ்வளவுக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்கு மணலுக்கு! சிப்பாய்கள் காலி டின்னைப் பாதியாக வெட்டி, மணல் போட்டு, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி அடுப்பாக்கித் தேநீர் போட்டார்கள். 'பென்காசி அடுப்பு' என்று அதற்குப் பெயர். ஃப்ளிம்ஸி உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

எதிர்ப்பக்கம் ஜெர்மானியர்கள் வைத்திருந்த கேன் வேறு ஜாதி. 1937-ல் வின்சென்ஸ் க்ரூன்ஃபோகல் என்ற பொறியாளர் வடிவமைத்தது. 20 லிட்டர். இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி இரண்டு பாதிகளாக எடுத்து, நடுவில் சேர்த்து வெல்டிங் செய்தார்கள். அவ்வளவுதான். பல ஓரங்கள் இல்லை, சுற்றிவர ஒரே ஓர் இணைப்பு. அந்த வெல்டிங் கோடும் வெளியே துருத்தாமல் ஒரு பள்ளத்துக்குள் இருக்கும். கேன் கீழே விழுந்தாலும் அடி வெல்டிங் மேல் படாது. பக்கங்களில் பெருக்கல் குறி மாதிரி ஓர் அழுத்தம் இருக்கும். அது அழகுக்கு அல்ல. தகட்டுக்கு விறைப்பும் கொடுக்கும், உள்ளே திரவம் விரிந்தால் இடமும் கொடுக்கும். ஆக, ஃப்ளிம்ஸியில் இணைப்பு பார்த்த வேலையை இங்கே தகடே பார்த்துக்கொண்டது. உள்ளே துருப்பிடிக்காமல் ஒரு பூச்சு, புனல் தேவைப்படாத வாய், ஸ்பானர் இல்லாமல் திறக்கும் நெம்புகோல் மூடி, ஒருவரும் தூக்கலாம் இருவரும் தூக்கலாம் என்று மூன்று கைப்பிடிகள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஜெர்மானியர்களை 'ஜெர்ரி' என்பார்கள், அதனால் இது 'ஜெர்ரி கேன்'. எதிரியிடம் பிடுங்கிய கேன்களைத் தங்கப்புதையல் மாதிரி வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கேன் அமெரிக்காவுக்குப் போன கதையில் சொந்தமாகச் செய்த ஒரு வண்டி வருகிறது. அதில் இந்தியாவும் வருகிறது! 1939-ல் பெர்லினில் வேலை பார்த்த பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளரும் அவருடைய ஜெர்மன் நண்பர் ஒருவரும் தரைவழியாக இந்தியாவுக்கு வரக் கிளம்பினார்கள். ஒரு காரின் சேசிஸை மட்டும் வாங்கி, மேல்கூடு அவர்களே கட்டினார்கள். அவசரத்துக்குத் தண்ணீர் வைக்க எதுவும் இல்லை என்பது கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் அடுக்கியிருந்த ராணுவக் கேன்களில் மூன்றை நண்பர் எடுத்துவந்து வண்டிக்கு அடியில் மாட்டினார். பதினொரு நாட்டு எல்லைகளைத் தாண்டினார்கள். பாதி இந்தியாவில் இருக்கும்போது கோரிங் விமானம் அனுப்பி அந்த நண்பரைத் திருப்பி அழைத்துக்கொண்டார், போவதற்கு முன் அவர் கேன் செய்யும் விவரம் முழுவதையும் ப்ளைஸிடம் கொடுத்துவிட்டார் என்கிறது கதை. இதை 1987-ல் ஓர் அமெரிக்க இதழில் எழுதியவர் ரிச்சர்ட் டேனியல், போர்க்காலத்தில் மத்தியக் கிழக்கில் இருந்த வேதிப் பொறியாளர். பிரிட்டிஷ் இந்தியாவின் நடுவில் கோரிங்கின் விமானம் வந்து இறங்கியது என்பதை நான் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் படித்தேன். மற்றபடி ப்ளைஸ் கல்கத்தா வரை போய், வண்டியை அங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பினார். வண்டி நியூயார்க் வந்து சேர 1940 கோடைக்காலம் ஆயிற்று.

எனக்குக் கோபம் வரும் பகுதி இனிமேல்தான். ஒரு கேன் அமெரிக்க ராணுவத்தின் கைக்குப் போனது. அவர்கள் அளவையும் வடிவத்தையும் கைப்பிடிகளையும் வைத்துக்கொண்டு, மற்றதை மாற்றினார்கள். எதை மாற்றினார்கள் தெரியுமா? வெல்டிங்கை எடுத்துவிட்டுத் தகட்டைச் சுருட்டி மடித்த இணைப்பு போட்டார்கள். உள்பூச்சை எடுத்தார்கள். திறக்க ஸ்பானர், ஊற்றப் புனல் என்று ஆக்கினார்கள். பார்வைக்கு ஜெர்ரி கேன், இணைப்பில் ஃப்ளிம்ஸியின் தம்பி. எதனால் அது நல்ல கேனாக இருந்ததோ அதைத் தேடிப்பிடித்து எடுத்திருக்கிறார்கள்.

பிறகு டேனியலும் சகாக்களும் 40 சதவீத பெட்ரோல் வீணாகிறது என்று வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார்கள். அந்த 40 என்பது மேலிடத்தைப் பயமுறுத்தப் போட்ட உத்தேசக் கணக்கு என்று அவரே பின்னாளில் எழுதினார். இந்த விஷயத்தில் எண்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டன் மாற்றம் எதுவும் செய்யாமல் அப்படியே நகலெடுத்தது. 1943 தொடக்கத்துக்குள் அவர்களுடைய 20 லட்சம் கேன்கள் வட ஆப்பிரிக்காவுக்குப் போயிருந்தன. போர் முடிந்தபோது ஐரோப்பா முழுவதும் சிதறிக்கிடந்த நேசநாட்டுக் கேன்கள் சுமார் 2 கோடியே 10 லட்சம்.

சரி, இனி நம் பட்டறைக்கு வருவோம். கார் கம்பெனிகள் பல பத்தாண்டுகள் டாங்குக்குப் பயன்படுத்தியது ஈய-வெள்ளீயக் கலவை பூசிய இரும்புத் தகடு. ஈயம் வழவழப்பாக இருப்பதால் அச்சில் நன்றாக அழுந்தும், துருவும் பிடிக்காது. ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்தபிறகும் பிளாஸ்டிக் டாங்க் பரவியபிறகும் அது மறைந்தது. அந்த டாங்குகளும் இரண்டு பாதிதான். விளிம்புகளை இரண்டு செம்புச் சக்கரங்களுக்கு நடுவில் விட்டு மின்சாரம் பாய்ச்சி ஒட்டுவார்கள். 1886-ல் எலிஹு தாம்சன் காப்புரிமை பெற்ற மின்தடை வெல்டிங்கின் வாரிசு இது. பல பைக் டாங்குகளின் அடியில் கை வைத்துத் தடவினால் அந்த விளிம்பு தட்டுப்படும்.

நம்மிடம் அச்சு இயந்திரம் கிடையாது, பெட்டிதான் செய்ய முடியும். 40க்கு 30க்கு 25 செ.மீ. என்று ஒரு 30 லிட்டர் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு தகடாக வெட்டி ஒட்டினால் மொத்தம் 380 செ.மீ. வெல்டிங். ஒரே தகட்டை நான்கு பக்கமும் மடக்கி, இரண்டு முனைக்கு மட்டும் மூடி வைத்தால் 260 செ.மீ. போதும். 120 செ.மீ. ஒழுகும் வாய்ப்பு, மடக்கும் இயந்திரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. ஜெர்ரி கேன் செய்தது இதைத்தான்.

இந்த மடக்கலைத் தாங்குமா, இந்த வெல்டிங்கை ஏற்குமா என்று பார்த்துத்தான் தகட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அலுமினியத்தில் 5052 ரகம் மடங்கும், வெல்டிங்கும் நன்றாகப் பிடிக்கும். கடையில் 'இதுதான் கெட்டி' என்று கொடுக்கும் 6061 கெட்டிதான், ஆனால் கூர்மையாக மடக்கினால் வெடிக்கும். ஜி.ஐ. ஷீட் வேண்டாம். வெல்டிங்கில் துத்தநாகப் புகை வரும், இணைப்பில் நுண்துளை விழும். செம்பு, பித்தளை அழகுதான். ஆனால் செம்பு பட்டால் பெட்ரோல் சீக்கிரம் பிசின் கட்டும். எஸ்.எஸ். 304 துருவுக்குக் கவலையில்லை, ஆனால் வெல்டிங் சூட்டில் வளையும். சாதாரண இரும்பு எதற்கும் ஒத்துழைக்கும், துருதான் பிரச்சினை. நம் பெட்ரோலில் எத்தனால் 2025-ல் 20 சதவீதத்தை எட்டியதால் இது முன்பைவிடப் பெரிய பிரச்சினை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் டாங்கின் அடியில் போய்ச் சேரும்.

அலுமினியத்தை வீட்டுக்காரர்களும் நினைத்துப் பார்க்க முடிந்ததற்குக் காரணமும் அதே போர்தான். முன்பு கேஸ் வெல்டிங்கில் அலுமினியத்துக்கு ஃப்ளக்ஸ் போட வேண்டும். அதன் மிச்சம் உள்ளே ஒட்டியிருந்தால் உலோகத்தையே அரிக்கும், மூடிய டாங்குக்குள் கழுவுவதும் கஷ்டம். 1941-ல் நார்த்ராப் விமான நிறுவனத்தின் ரஸ்ஸல் மெரிடித், மெக்னீசியத்தை ஒட்டுவதற்காக டங்ஸ்டன் முனையும் ஹீலியம் வாயுவும் கொண்ட முறையை உருவாக்கினார். ஹீலியத்துக்குப் பதில் ஆர்கான் வந்ததும் அதுவே நம் பட்டறைகளின் 'ஆர்கான் வெல்டிங்'. மெல்லிய தகட்டில் ஒழுகாத கோடு வேண்டுமென்றால் இதுதான். சி.ஓ.2 வெல்டிங் வேகம், ஆனால் மேலே பளபளவென்று இருந்து அடியில் ஒட்டாமல் போகும் ஆபத்து அதிகம்.

ஒழுகும் பழைய டாங்கை மட்டும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே வெடிக்கும். 'காலி' டாங்குக்குள் இருப்பது பெரும்பாலும் அந்த அளவுதான். டாங்கில் வெல்டிங் வைத்துச் செத்தவர்களின் செய்தி இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

புது டாங்கைச் சோதிக்க வாய்களை அடைத்து, சோப்புத்தண்ணீர் தடவி, சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோ காற்று விட்டால் போதும். குறைவாகத் தோன்றுகிறதா? 40க்கு 30 பக்கத்தின் மேல் அதுவே 240 கிலோ தள்ளு. பட்டறைக் கம்ப்ரஸரை அப்படியே 7 கிலோவில் திறந்துவிட்டால் அந்த ஒரு பக்கத்தின் மேல் 8,400 கிலோ. ஒரு லாரிச் சுமை!