திருவிருந்தின் வழியே வந்த பாடல்கள்: ஆங்கில ஞானப்பாட்டு மரபின் தொடக்கம்

சீர்திருத்தத்துக்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக இங்கிலாந்தின் ஆலயங்களில் மக்கள் பாடியவை பெரும்பாலும் செய்யுளாக்கப்பட்ட தாவீதின் சங்கீதங்களே. வேதத்தில் உள்ள சொற்களைத்தான் ஆராதனையில் பாட வேண்டும், மனிதர் கட்டிய பாட்டுக்கு அங்கே இடமில்லை என்ற எண்ணம் ஜெனீவாவிலிருந்து வந்து ஆழமாக வேரூன்றியிருந்தது. இந்தக் கட்டைத் தளர்த்திய பெருமை வழக்கமாக ஐசக் வாட்ஸுக்கே தரப்படுகிறது. அவருக்கு வெகுமுன்பே திருவிருந்து வேளையில் அது தளரத் தொடங்கிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் சான்று சங்கீதப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டெர்ன்ஹோல்ட், ஹாப்கின்ஸ் பெயரால் வழங்கும் 1562ஆம் ஆண்டுப் பதிப்பில் சங்கீதங்களோடு வேறு சில பாடல்களும் சேர்க்கப்பட்டிருந்தன. திருவிருந்தில் பங்குபெற்ற பின் பாட வேண்டிய ஒரு நன்றிப் பாடல் அவற்றில் ஒன்று. 1623இல் ஜார்ஜ் விதர், ஓர்லாண்டோ கிப்பன்ஸின் மெட்டுகளோடு வெளியிட்ட தொகுப்பிலும் திருவிருந்துக்கென ஒரு பாடல் உண்டு. அச்சகத்தார், புத்தக வணிகர் சங்கத்தின் எதிர்ப்பால் அந்தத் தொகுப்பு மக்களிடம் பரவவில்லை.

நிலைமையை மாற்றியவர் லண்டனின் தென்கரையில் ஹார்ஸ்லிடவுன் பாப்டிஸ்ட் சபையின் போதகர் பெஞ்சமின் கீச். சிறுவருக்கு எழுதிய ஒரு பாடநூலுக்காக 1664இல் பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் நிறுத்தப்பட்டவர் அவர். 1673 வாக்கில் தம் சபையில் திருவிருந்தின் முடிவில் ஒரு பாட்டுப் பாடச் செய்தார். ஆதாரம் நற்செய்தியிலேயே இருந்தது: கடைசி இராப்போஜனம் முடிந்ததும் இயேசுவும் சீடரும் பாட்டுப் பாடி ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயுவும் மாற்கும் எழுதியிருக்கிறார்கள். ஆண்டவரே செய்ததைத் தடுப்பது யாருக்கும் எளிதல்ல. சில ஆண்டுகளில் நன்றி நாட்களிலும், பிறகு ஞாயிறுதோறும் பிரசங்கத்துக்குப் பின்னும் பாட்டு நீண்டது. எதிர்ப்பு முற்றியது அப்போதுதான். முன்கூட்டி எழுதிய சொற்கள் ஆவியானவரின் ஏவுதலை அடக்கும், விசுவாசிகளும் அல்லாதவர்களும் கலந்து பாடுவது தகாது என்று பாப்டிஸ்ட்டான ஐசக் மார்லோ எழுதினார். கீச் 1691இல் தனி நூலாகவே பதில் தந்தார். பாட விருப்பமில்லாதவர்கள் பாட்டுக்கு முன் எழுந்து போகலாம் என்று சபை இடம் கொடுத்தும் ஒரு பிரிவினர் நிரந்தரமாக விலகி, பாட்டே இல்லாத மேஸ் பாண்ட் சபையைத் தொடங்கினார்கள்.

மார்லோவின் இரண்டாவது வாதத்தைக் கவனிக்க வேண்டும். பிரசங்கம் கேட்க யாரும் வரலாம். திருவிருந்துக்கு அங்கத்தினர் மட்டுமே அமர்வார்கள். ஆகவே கலப்புக் கூட்டம் என்ற ஆட்சேபம் திருவிருந்தில் எழவே வழியில்லை. வேத ஆதாரம், அங்கத்தினர் மட்டுமே கூடும் கூட்டம் ஆகிய இரண்டும் ஒருசேர இருந்த ஒரே வேளை அதுதான். பாட்டு அங்கே தொடங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1697இல் பாப்டிஸ்ட் போதகர் ஜோசப் ஸ்டென்னட் திருவிருந்துக்கென்றே ஒரு முழுத் தொகுப்பை வெளியிட்டார். பத்து ஆண்டு கழித்து வாட்ஸின் நூல் வந்தபோது அதன் மூன்று பாகங்களில் ஒன்று திருவிருந்துக்கே ஒதுக்கப்பட்டது. சிலுவையை உற்றுநோக்கும் அவருடைய புகழ்பெற்ற பாடல் அந்த மூன்றாம் பாகத்தின் ஏழாம் பாட்டு. இன்று நம் ஆலயங்களிலும் அதைப் பெரிய வெள்ளியன்றே பாடுகிறோம். அப்பத்தையும் ரசத்தையும் கையில் வாங்கிய ஒருவர் பாடுவதாக நினைத்து வாசித்தால்தான், தன்னையே ஒப்புக்கொடுக்கும் அதன் முடிவு முழு வலிமையோடு விளங்கும்.

வெஸ்லி சகோதரர்கள் 1745இல் வெளியிட்ட திருவிருந்துப் பாடல்கள் 166. டேனியல் பிரெவின்ட் 1673இல் எழுதிய இறையியல் நூலின் சுருக்கத்தை முன்னே வைத்து, அதன் வரிசையிலேயே பாடல்களை அடுக்கினார்கள்: நினைவுகூர்தல், அருளின் வழி, பரலோக விருந்தின் முன்னடையாளம், பலி. மெதடிஸ்ட் கூட்டங்களில் பந்தி பந்தியாக மக்கள் வந்துகொண்டிருந்ததால் விருந்து நெடுநேரம் நீண்டது. பரிமாறும் வேளை முழுவதும் பாட்டு தேவைப்பட்டது. வேறெந்த ஆங்கிலத் தொகுப்பும் இந்த இறையியல் ஆழத்தை எட்டவில்லை என்பேன். பின்வந்த மெதடிஸ்ட்களே அதைப் பெரும்பாலும் மறந்தார்கள். 1948இல் எர்னஸ்ட் ராட்டன்பரியின் ஆய்வு வந்தபின் அறிஞர்கள் மீண்டும் அதை நாடினார்கள்.

ஆங்கிலிக்கன் சபையில் கதவு இன்னும் தாமதமாகவே திறந்தது. ஹாட்நெட் ஊரின் ஆயர் ரெஜினால்ட் ஹீபர், தம் பாட்டு நூலுக்கு 1820இல் அதிகாரபூர்வ அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை. கல்கத்தா பேராயராகி, 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சிராப்பள்ளியில் நீராடும்போது இறந்தார். அங்குள்ள தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு அவர் மனைவி அமீலியா பதிப்பித்த நூலில்தான், உடைக்கப்பட்ட அப்பத்தையும் சிந்தப்பட்ட ரசத்தையும் நோக்கி நிற்கும் அவருடைய இரண்டு சரணத் திருவிருந்துப் பாடல் அச்சேறியது.

ஸ்காட்லாந்தில் கீச்சின் கதையே வேறு முகத்தோடு திரும்ப நடந்தது. 1855இல் கிரீனக் ஊரில் ஆயராக இருந்த தம் சகோதரர் ஜான் ஜேம்ஸின் திருவிருந்துக்காக ஹொரேஷியஸ் போனர் ஒரு பாடல் எழுதினார். அது துண்டுத் தாளாக அச்சிடப்பட்டது. சங்கீதம் மட்டுமே பாடிவந்த சபை மரபில் அதற்கும் கிடைத்த இடம் திருவிருந்தின் முடிவுதான்.