க்யூசப் புராணம்: பொய் சொன்னா வரிசை நகராது

வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு சிமுலேஷனை க்ளஸ்டர்ல ஓட விடணும். பக்கத்து சீட்டு அண்ணன் கொடுத்த ஸ்கிரிப்டை அப்படியே காப்பியடிச்சு, க்யூசப்னு தட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்து க்யூஸ்டாட் அடிச்சா, என் வேலைக்கு நேரா 'க்யூ'ன்னு ஒத்தை எழுத்து. அதாவது, வரிசையில் நிற்கிறது. சாயங்காலமும் அதே. மறுநாளும் அதே. எனக்குப் பின்னாடி வந்த ஒருத்தரோட வேலை ஓடி முடிஞ்சே போச்சு!

கடுப்பாகி அண்ணன்கிட்ட போனேன். ஸ்கிரிப்டைப் பார்த்துட்டுச் சிரிச்சார். "ஏன்டா, 40 நிமிஷ வேலைக்கு 72 மணி நேரம் வேணும்னு எழுதி வச்சிருக்கியே?"

அந்த ஒரு வரிக்கு அப்படி என்ன மவுசுன்னு தேடப் போய் வந்ததுதான் இந்தப் பதிவு. கொசுவத்தியைச் சுத்திக்கோங்க.

1950களில் நிரலை அட்டைகளில் துளையிட்டு ஆபரேட்டரிடம் கொடுக்க வேண்டும். யாருடைய அட்டைக்கட்டு முதலில் என்பது அவர் கையில். 1956ல் ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் ஐபிஎம் 704க்காக ஒரு மென்பொருள் எழுதினார்கள். ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததை அதுவே எடுத்து ஓட்டும். நடுவில் ஆள் வந்து கை வைக்க வேண்டியதில்லை.

அப்படியே 30 வருஷம் தள்ளி வாங்க. கலிஃபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம். பெரிய க்ரே கணினி ஒரு பக்கம், நெட்வொர்க்கில் விஞ்ஞானிகளின் கணினிகள் இன்னொரு பக்கம். உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலையை அனுப்ப 1986ல் என்க்யூஎஸ் வந்தது. அனுப்ப க்யூசப், நிலவரம் பார்க்க க்யூஸ்டாட், தூக்கிப் போட க்யூடெல். கமாண்டு லைனில் நாம இன்னைக்கும் தட்டுற அதே மூணு வார்த்தைகள்.

1991ல் அதே ஏம்ஸில் அடுத்த தலைமுறையாக பிபிஎஸ் ஆரம்பமானது. 1994ல் இந்தக் கட்டளைகள் போசிக்ஸ் தரமாகவே எழுதப்பட்டன. வேலையை நிறுத்தி வைக்க க்யூஹோல்டு, விடுவிக்க க்யூரல்ஸ், அனுப்பிய பிறகு திருத்த க்யூஆல்டர் எல்லாம் அதில் உண்டு.

அதே 1994ல் நாசாவின் இன்னொரு மையமான காடர்டில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண 486 பொட்டிகளைக் கோர்த்து பேவுல்ஃப் க்ளஸ்டர் செய்தார்கள். ஒரே வேலைக்குப் பல பொட்டிகள் கேட்கிற காலத்தில், 'அடுத்து யாரு'ங்கறது மட்டும் போதாது, 'எத்தனை பொட்டி'ங்கறதும் கேள்வி.

ஒரு கணக்கு பார்ப்போம். மொத்தம் 16 பொட்டி. 10ல் வேலை ஓடுது, முடிய இன்னும் 3 மணி நேரம். 6 சும்மா இருக்கு. வரிசையில் முதல் ஆள் 16ம் வேணும்கிறார். அவர் காத்திருக்கத்தான் வேணும். அதுவரை அந்த 6 பொட்டியும் ஈ ஓட்டணுமா?

1995ல் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் ஐபிஎம் எஸ்பி கணினிக்காக எழுதப்பட்ட ஈஸி என்ற மென்பொருள் இதற்கு வழி சொன்னது. பின்னால் நிற்பவர் 4 பொட்டியில் 40 நிமிஷத்தில் முடிப்பார் என்றால், அவரை இப்போதே உள்ளே விடு. 3 மணி நேரத்துக்குள் அவர் கிளம்பிடுவார், முதல் ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட தாமதமில்லை. இதன் பெயர் பேக்ஃபில். சலூன்ல "ஷேவிங் மட்டும்தாண்ணே"ன்னு நடுவுல பூந்துடுவாங்களே, கிட்டத்தட்ட அது. என்ன, இங்கே முதல் ஆள் நேரம் வீணாகாது.

ஆனா 40 நிமிஷம்னு அதுக்கு எப்படித் தெரியும்? நாம எழுதுற அந்த ஒரு வரியை வச்சுத்தான். ஓடிட்டிருக்கிற வேலை 3 மணி நேரத்தில் முடியும்கிறதும் அவங்க எழுதினதுதான். சொன்ன நேரம் தாண்டினா வேலையைக் கொன்னுடும். அந்தப் பயத்துல ஆளாளுக்கு நேரத்தை ஏத்தி எழுதறோம். நான் 72 எழுதினதால, அந்த இடுக்குக்குள்ள எனக்கே இடமில்லாமப் போச்சு.

அப்புறம் கைமாறாதது எதுவுமில்லை. பிபிஎஸ் 2003ல் ஆல்டேர் கைக்குப் போனது. க்ரிட் எஞ்சினை 2000ல் சன் வாங்கியது. 2010ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்த ஸ்லர்ம், எஸ்பேட்ச், எஸ்க்யூ, எஸ்கேன்சல் என்று புதுப் பெயர் வைத்தது. ஆனாலும் பழைய கைப்பழக்கம் விடாதவர்களுக்காக க்யூசப், க்யூஸ்டாட் பெயரிலேயே சின்ன நிரல்களும் அதனுடன் வருகின்றன. எதுல தட்டினாலும் அந்த நேர வரி மட்டும் போகலை.

ஆபரேட்டர்கிட்ட இருந்த அதிகாரத்தில் ஒரு துண்டு இப்போ நம்ம கையில இருக்கு. நான் இப்பல்லாம் முதல்ல சின்னதா ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, ஆகுற நேரத்தோட கொஞ்சம் சேர்த்து எழுதறேன். வேலையும் சீக்கிரம் ஓடுது, பின்னாடி நிற்கிறவங்க சாபமும் இல்லை :-)

க்ளஸ்டர்ல ஆணி புடுங்கும் மக்களே, உங்க ஸ்கிரிப்டுல எத்தனை மணி நேரம் போட்டிருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க!