அணிற்பிள்ளை: ஒரு சின்ன வரலாறு

அணிலுக்கு வரலாற்றுக் கட்டுரையா என்று சிரிக்க வேண்டாம். ராஜாக்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டிய எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எவ்வளவு சின்ன விஷயமானாலும் அதற்கு ஒரு பழைய கோப்பு எங்காவது இருக்கும் என்று தேடுவேன். பரளச்சியில் எங்கள் கொல்லை வேப்பமரத்தில் ஓடும் அணிலுக்கும் தமிழில் ஒரு கோப்பு இருக்கிறது. அது ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக் கோப்பு.

முதலில் பெயரைப் பாருங்கள். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வெறுமனே அணில் என்று சொல்கிறவர்கள் குறைவு. அணில்பிள்ளை என்பார்கள். தமிழன் கீரியைக் கீரிப்பிள்ளை என்றான், கிளியைக் கிளிப்பிள்ளை என்றான், தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்றான். அந்த வரிசையில் அணிலுக்கும் இடம் கொடுத்தான். வீட்டுக் கூரையிலும் முற்றத்திலும் கூடவே வாழ்கிற உயிருக்குப் பிள்ளை என்று பெயர் வைத்தது சாதாரணக் காரியம் இல்லை.

தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஒரு பகுதி உண்டு. எந்த விலங்கின் குட்டியை எந்தச் சொல்லால் அழைக்க வேண்டும் என்று அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். கீரி, பூனை, எலி, அணில் ஆகிய நான்கின் இளமைப் பெயரும் குட்டி என்கிறது அந்த நூற்பா. அதில் அணிலை மட்டும் சும்மா அணில் என்று சொல்லாமல் 'மூவரி அணில்' என்று அடையோடு சொல்கிறது. இலக்கணம் எழுத வந்தவர் முதுகுக் கோட்டை எண்ணிவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்! வடக்கே போனால் ஐந்து கோட்டு அணில் உண்டு. நம் பக்கத்து அணிலுக்கு மூன்றுதான்.

சங்கப் புலவர்களும் அணிலை உற்றுப் பார்த்தவர்களே. புறநானூற்றின் 246ஆம் பாட்டு, பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் மனைவி பெருங்கோப்பெண்டு தீப்புகுமுன் சொன்னது. அவ்வளவு துயரமான பாட்டின் நடுவே அணில் முதுகு போல வரி ஓடிய வளைந்த காய் ஒன்று வருகிறது. அது வெள்ளரிக்காய் என்று உரை சொல்கிறார்கள். குறுந்தொகையின் 49ஆம் பாட்டில் அம்மூவனார் கழிக்கரை முள்ளை அணிலின் பல்லுக்கு ஒப்பிடுகிறார். அணிலின் பல் மரத்தடியில் நின்று பார்த்தால் தெரியாது. யாரோ ஒருவர் அதைக் கையில் ஏந்திப் பார்த்திருக்க வேண்டும், அல்லது கடி வாங்கியிருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது குறுந்தொகை 41. அதை எழுதிய புலவரின் சொந்தப் பெயர் காலத்தில் அழிந்துவிட்டது. பாட்டில் வரும் ஒரு தொடரையே பெயராக்கி 'அணிலாடு முன்றிலார்' என்று பதிந்து வைத்துவிட்டார்கள். தலைவி சொல்கிறாள்: காதலன் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊர் போல மகிழ்வேன்; அவன் பிரிந்து போனால், பாலை வழியோரச் சிற்றூரில் ஜனங்கள் குடிபெயர்ந்துபோன பிறகு அணில் விளையாடும் முற்றத்தை உடைய வீடு போல ஆகிவிடுவேன் என்று. பரளச்சி, திருச்சுழிப் பக்கம் வந்து பாருங்கள், இந்த உவமைக்கு உரை தேவைப்படாது. மழை பொய்த்த வருடங்களில் கதவைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்கள் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. திண்ணையில் அணில்தான் ஓடுகிறது.

இப்போது கொஞ்சம் பிரெஞ்சுப் பக்கம் போகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் பாடப் புத்தகத்தில் அணிலுக்கு 'எக்குரொய்' என்று பெயர். படத்தில் செம்பழுப்பு நிறத்தில், காதில் முடிக்கற்றையோடு, பனிக்காட்டில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சொல்லின் வேர் கிரேக்கம். தன் வாலையே நிழலாகப் பிடித்துக்கொள்வது என்று பொருள். சன்னலுக்கு வெளியே கிளையில் கத்திக்கொண்டிருந்த எங்கள் அணிலுக்கும் அந்தப் படத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நம் அணிலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் வேறு. 'ரா பல்மிஸ்த்' என்றார்கள். பனை எலி என்று அர்த்தம். பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்கை வரலாறு எழுதிய புகழ்பெற்ற புஃபோன் அதைப் 'பல்மிஸ்த்' என்ற தலைப்பில் சேர்த்தார். 1766இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் அறிவியல் பெயர் கொடுத்தபோதும் பனையை விடவில்லை, 'பால்மாரம்' என்று வைத்தார். பனை நிறைந்த எங்கள் சீமைக்குப் பொருத்தம்தான். 1835இல் லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த இனத்துக்கு 'ஃபுனாம்புலஸ்' என்று பொதுப்பெயர் வைத்தார். கயிற்றின் மேல் நடக்கிறவன் என்று பொருள். கம்பியில் அணில் ஓடுவதைப் பார்த்தவர்கள் அவர் ரசனையை மெச்சுவார்கள். இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்கு எலியாகத் தெரிந்தது நமக்குப் பிள்ளையாகத் தெரிந்தது.

அடுத்து ராமர் கதை. சேதுபதிகள் ஆண்ட சீமை இது. 1985 வரை நாங்களும் ராமநாதபுரம் மாவட்டம்தான். இங்கே எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அணில் முதுகில் கோடு வந்த காரணம் சொல்லும். அணை கட்ட மண் சுமந்த அணிலை ராமர் மூன்று விரலால் தடவிக் கொடுத்தார் என்று. ஆனால் இது வால்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. தமிழில் இதற்குப் பழைய சாட்சி தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலை. குரங்குகள் மலைகளைத் தள்ளிக்கொண்டு போக, அணில்கள் நீரில் முங்கி மணலில் புரண்டு கடலை அடைக்க ஓடினவாம். கள்ளமில்லாத அந்த அணில் அளவுக்குக்கூட நான் இல்லையே என்று ஆழ்வார் வருந்துகிறார்.

நான் அந்தப் பாசுரத்தைப் பல முறை படித்திருக்கிறேன். அதில் ராமர் தடவிக் கொடுக்கவில்லை. முதுகில் கோடும் விழவில்லை. அணிலுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அது பாட்டுக்குப் போய் மண்ணை உதிர்த்துவிட்டு வருகிறது, அவ்வளவுதான். தடவிக் கொடுத்த கதை ஜனங்கள் பிரியத்தில் சேர்த்தது. உழைத்த பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை.

இந்த வரலாற்றில் எங்கள் தாலுகாவுக்கும் ஒரு பங்கு உண்டு. திருச்சுழியில் திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன்தான் பிற்பாடு ரமண மகரிஷி. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவர் 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை அந்த ஊரை விட்டு வரவில்லை. அவருடைய தத்துவத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அவர் அணில்களோடு இருந்ததைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆசிரமத்துப் பழைய ஹாலில் அவர் சோபா சன்னல் ஓரமாக இருந்தது. அணில்கள் அந்தச் சன்னல் வழியாக உள்ளே குதித்து அவரிடம் வரும். அவற்றுக்கென்று ஒரு சின்ன டப்பாவில் பருப்பு வைத்திருப்பார். அங்கேயே வாழ்ந்த ஆர்தர் ஆஸ்பர்ன் இதை எழுதியிருக்கிறார். விலங்குகளை ரமணர் 'அது' என்று சொல்ல மாட்டார், 'பசங்களுக்குச் சாப்பாடு ஆச்சா' என்கிற தோரணையில்தான் கேட்பார் என்றும் அவர் எழுதியிருக்கிறார். பிள்ளை என்று கூப்பிடும் சீமையில் பிறந்தவர் வேறு எப்படிக் கேட்பார்?

ஒரு சமயம் கண் திறக்காத அணில் குட்டிகள் கூட்டிலிருந்து சோபாவின் மேல் விழுந்தன. ரமணர் பஞ்சை மெல்லிய திரியாக்கி, பாலில் நனைத்து, ஒவ்வொரு குட்டியின் வாயிலும் சொட்டுச் சொட்டாக விட்டார் என்று அன்பர்கள் நினைவு கூர்ந்திருக்கிறார்கள். அதற்கு முன்பு விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், கூட்டத்துத் தலைவன் கடித்துப் போட்ட ஒரு குரங்குக் குட்டியைத் தேற்றினார். கால் நொண்டியதால் அதற்கு 'நொண்டி' என்றே பெயர். அந்த நொண்டி பிழைத்துத் திரும்பிப் போய், பிறகு அந்தக் கூட்டத்துக்கே ராஜாவானது. காயம் ஆறியதும் அதைத் தன் கூட்டத்தோடு போகவிட்டார் என்பதுதான் நான் இதில் கவனித்தது.

இதெல்லாம் படித்து வைத்திருந்தது எனக்குப் போன பங்குனியில் உதவியது. கொல்லையிலிருந்து என் வீட்டுக்காரி, "ஏங்க, ஓடியாங்க, பூனை அணில்பிள்ளையக் கவ்விருச்சு!" என்று கத்தினாள். பூனையை விரட்டிவிட்டுப் பார்த்தால், வளர்ந்த அணில். பின்னங்காலுக்கு மேலே பல் பதிந்திருந்தது. வயிறு மட்டும் பட் பட்டென்று அடித்துக்கொண்டது. பழைய துண்டைப் போட்டு மெதுவாக எடுத்தேன். செருப்பு அட்டைப்பெட்டியில் துளை போட்டு, துணி விரித்து, இருட்டாக மூடி வைத்தோம். பக்கத்து வீட்டு அப்பத்தா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ராமரு தடவுன முதுகு மாப்ள, பாத்துச் செய்ங்க" என்றார். இது என் மாமனார் ஊர். எழுபது கடந்தும் நான் இங்கே மாப்பிள்ளைதான்.

பூனைக் கடி சின்னதாகத்தான் தெரியும். ஆனால் பூனையின் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். எனவே மஞ்சள் தடவிவிட்டுக் காத்திருக்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போனேன். மாடும் ஆடும் நின்ற வரிசையில் செருப்புப் பெட்டியோடு நின்றேன். எடை தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது என்றார் டாக்டர். எதிரே மளிகைக் கடைத் தராசில் பெட்டியோடு நிறுத்து, பெட்டியின் எடையைக் கழித்தோம். 90 கிராம். மாட்டுக்குக் கணக்குப் போடும் கை, அந்த 90 கிராமுக்கும் பொறுமையாகக் கணக்குப் போட்டு மருந்தைக் கரைத்துக் கொடுத்தது. பெட்டிக்குள் முதல் நாள் ஒன்றும் தின்னவில்லை. இரண்டாம் நாள் கொய்யாத் துண்டைக் கொறித்திருந்தது. ஆறாம் நாள் பெட்டியைத் திறந்ததும் என் சட்டையில் ஏறி, தோளிலிருந்து வேப்பமரத்துக்குத் தாவிப் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு மரத்தில் நாலைந்து அணில் ஓடுகிறது. அதில் எது அது என்று எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டிலும் இப்படி நேரலாம் என்பதால் டாக்டரிடமும் மற்றவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அடிபட்ட அணிலுக்கு முதல் மருந்து சூடும் இருட்டும் அமைதியும்தான். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். வெறுங்கையால் தூக்கினால் பயத்தில் கடிக்கும், துணி வேண்டும். காயம் இல்லாத குட்டி விழுந்து கிடந்தால் சின்னக் கூடையில் துணி விரித்து அந்த மரத்திலேயே கட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பார்கள். பெரும்பாலும் தாய் வந்து கவ்விக்கொண்டு போய்விடும். தாய் வராவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். பசும்பால் குட்டியின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று இப்போது சொல்கிறார்கள். ரமணர் காலத்தில் கைக்குக் கிடைத்தது அதுதான். குணமானதும் விட்டுவிட வேண்டும். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு காட்டு உயிரைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது நம் இஷ்டம் இல்லை.

எங்கள் மாவட்டத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற மலை அணிலுக்கென்று 1988இல் சரணாலயம் அறிவித்தார்கள். 2021இல் அந்தக் காடு புலிகள் காப்பகத்திலும் சேர்ந்தது. நல்ல காரியம். அந்தப் பெரிய அணிலுக்கு அரசாணை இருக்கிறது, காவலர் இருக்கிறார். கொல்லையில் ஓடும் மூவரி அணிலுக்குச் சரணாலயம் என்று ஒன்று உண்டென்றால், அது வீட்டு மரமும் ஓட்டுக் கூரையும்தான். ஓட்டு வீடுகள் தளம் போட்ட வீடுகளாகின்றன. வேம்பு வெட்டுப்பட்ட இடத்தில் சீமைக் கருவேலம் வருகிறது. கையில் கவட்டை வைத்திருக்கும் பையன்களிடம் அப்பத்தாக்கள் ராமர் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை காலம் அணில் பிழைத்தது. அப்பத்தாக்கள் குறைந்து வருகிறார்கள்.

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு வேப்பங்கன்று நடுங்கள். சித்திரை வெயிலில் மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். பேரன் பேத்திகளுக்குக் கதையைச் சொல்லுங்கள். வால்மீகியில் இருக்கிறதா என்று அவர்கள் கேட்டால், இல்லை, இது நாமாகச் சேர்த்தது என்று பெருமையாகவே சொல்லுங்கள். அணிலாடு முன்றிலார் பார்த்த முற்றத்தில் அணில் இருந்தது, மனிதர் இல்லை. நம் முற்றத்தில் இரண்டு பேரும் இருக்கட்டும்.