காயம் என்னும் வரையறைக்குள் மனம்: உச்சநிலை விளையாட்டு வீரர்களின் மனநலம்

உச்சநிலை விளையாட்டு வீரரின் மனநலமும் அவரது மன உறுதியும் ஒன்றல்ல. நெருக்கடியில் கை நடுங்காமல் குறிபார்ப்பது பயிற்சியால் வரும் திறன். உறக்கமும் பசியும் உறவுகளும் வாழ்வின் மீதான பிடிப்பும் குலையாதிருப்பது நலம். திறன் மிகுந்தவரிடமும் நலம் குன்றலாம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் உதவி கேட்கும் வீரர் கோழையாகக் கருதப்படுகிறார். தசைநார்க் கிழிசல் எப்படிக் காயமோ, அப்படியே மனநலக் குறைவும் காயமாகவே கொள்ளப்பட வேண்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸுக்கு நேர்ந்தது இதற்குத் தெளிவான சான்று. 2021 ஜூலை 27 அன்று குழு இறுதிப் போட்டியின் வால்ட் பாய்ச்சலில் இரண்டரைச் சுழற்சிகளுக்குத் திட்டமிட்டிருந்த அவர், ஒன்றரையோடு தரையிறங்கிப் போட்டியிலிருந்து விலகினார். அந்தரத்தில் சுழலும்போது தரை எப்பக்கம் என்ற உணர்வே அற்றுப்போகும் இந்நிலையை ஜிம்னாஸ்டிக்ஸ் களத்தில் 'ட்விஸ்டீஸ்' என்பார்கள். உடலில் வெளிப்படையான காயம் ஏதுமில்லை. ஆனால் அந்நிலையில் பாய்ந்தால் கழுத்தெலும்பே முறியக்கூடும். ஆகஸ்ட் 3 அன்று சமநிலைக் கட்டைப் போட்டிக்குத் திரும்பியவர், உடலைத் திருகிச் சுழலாத ஓர் இறக்கத்தைத் தேர்ந்து வெண்கலம் வென்றார். காயம்பட்ட உறுப்பின் மீது சுமையைக் குறைத்து ஆடும் முறைதான் இது. 2024 பாரிஸில் அவர் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார்.

விளையாட்டு விதிகளோ அப்போது உடலை மட்டுமே அறிந்திருந்தன. 2021 பிரெஞ்சு ஓப்பனில் செய்தியாளர் சந்திப்பைத் தவிர்த்த டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகாவுக்கு 15,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது; அவர் தொடரிலிருந்தே விலகி, 2018 முதல் மனச்சோர்வால் அவதிப்படுவதை வெளிப்படுத்தினார். காயத்தால் உடலளவில் வர இயலாதவருக்கே கிராண்ட்ஸ்லாம் விதி விலக்களித்தது. கணுக்கால் சுளுக்கியிருந்தால் கிடைத்திருக்கும் சலுகை, மனம் சோர்ந்தவருக்கு இல்லை.

தோல்வியே இத்தகைய சோர்வுக்குக் காரணம் என்ற எண்ணமும் திருத்தத்துக்குரியது. 2008 பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் வென்று, இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் தந்த அபினவ் பிந்த்ரா, வெற்றிக்குப் பின் தம்மைச் சூழ்ந்த வெறுமையைப் பொதுவெளியில் பேசியிருக்கிறார். ஆண்டுக்கணக்கில் ஒரே இலக்கைச் சுற்றிக் கட்டப்பட்ட வாழ்வில், அந்த இலக்கு கைகூடும் நாளும் ஓர் இழப்பாகலாம். மனநோய்கள் பலவும் தலைகாட்டும் இளவயதே வீரரின் உச்சப் பருவமாகவும் அமைவது இச்சுமையைக் கூட்டுகிறது.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2019-இல் உச்சநிலை வீரர்களின் மனநலம் குறித்த மருத்துவ ஒருமித்த அறிக்கையை வெளியிட்டது. அடுத்த ஆண்டே 16 வயதும் அதற்கு மேலும் உள்ள வீரர்களுக்கான மனநலப் பரிசோதனைக் கருவி வந்தது. அறிகுறிகளை முன்கூட்டியே கண்டறிய இது உதவும். எனினும் இக்கருவியின் வினாத்தாளில் வீரர் உண்மையை எழுதுவாரா என்பது, அத்தாள் யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. அணித் தேர்வில் குரல் உள்ளவரே அதைப் படிப்பாரானால், இடம் பறிபோகும் அச்சத்தில் 'உறக்கம் நன்று' என்றே விடை வரும். ஆகவே மருத்துவக் குறிப்புகளைத் தேர்வாளரிடமிருந்து பிரித்து வைப்பது பரிசோதனையின் முதல் நிபந்தனையாகிறது.