பூட்டிய வாசலும் புறப்படும் கதைகளும்

திருகோணமலையில் கோணேசரைக் கும்பிடப் போகிறவரும் பிரட்ரிக் கோட்டை இராணுவ முகாமுக்குள் நுழைந்துதான் போக வேண்டும்; வழியில் மான் மேயும், காவலுக்குத் துவக்கோடு ஆமி நிற்கும். அங்காலே கடற்படைத் தளம், 1957 வரை பிரித்தானியருடையது. வதந்திக்கு இங்கே காலகாலமாகச் சோறு போட்டு வருவது இந்தப் பூட்டிய வாசல்கள்தான். கைப்பேசி நேற்று வந்தது. 2022ஐ எடுங்கள்: மே 9 அன்று பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார். மறுநாள் விடியுமுன் படையினர் அவரை அலரி மாளிகையிலிருந்து வெளியேற்றினார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று அரசு வாய் திறக்கவில்லை. முகநூலில் இரண்டு கதைகள் முட்டிக்கொண்டன: அரசியல் தலைகள் குடும்பத்தோடு இந்தியாவுக்கு ஓடிவிட்டன, இல்லை, மகிந்த திருகோணமலைத் தளத்தில் இருக்கிறார். அன்றே தளத்தின் முன் சனம் கூடிவிட்டது. முதல் கதையை இந்திய உயர்ஸ்தானிகராலயம் மறுத்தது. இரண்டாவதைப் பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன மறுநாள் ஒப்புக்கொண்டார். அதுவரை மெய்யும் பொய்யும் ஒரே உடுப்பில்தான் திரிந்தன.

முகநூலை அடைத்தால் தீரும் என்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2018 பெப்ரவரியில், அம்பாறையில் சிங்களம் சரிவரப் புரியாத முஸ்லிம் கடைக்காரர் கும்பலுக்கு நடுவே தலையாட்டிய காணொளி ஓடியிராவிட்டால், சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை என்ற பொய் அவ்வளவு தூரம் போயிராது. ஆனால் மார்ச்சில் அரசு முகநூலை அடைத்தபோது அம்பாறையில் பள்ளிவாசல் தாக்கப்பட்டு முடிந்திருந்தது, கண்டியில் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. 2022 மே மாதத்தில் அடைத்திருந்தாலோ, பொய்யோடு மெய்யும் அடைபட்டிருக்கும்.

முகநூல் இல்லாத காலத்திலும் கதைக்குப் பஞ்சமில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் குண்டு வீசியபோது, விமானி ஒருவர் வேண்டுமென்றே சீனக்குடா எண்ணெய்க் குதத்தில் மோதினாராம். தீ ஏழு நாள் எரிந்ததாம். சிதைந்த குதம் இன்னும் கிடக்கிறது. செத்தவர் மனதில் இருந்ததற்கு யார் சாட்சி? எண்பதுகளில் அமெரிக்கா இங்கே தளம் கேட்கிறது என்ற பேச்சு டில்லியின் தூக்கத்தைக் கெடுத்தது. 1987 யூலையில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்தனவும் பரிமாறிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திருகோணமலையை எந்த நாட்டுப் படைக்கும் கொடுப்பதில்லை என்ற வாக்குறுதியே ஏறியது. முப்பத்தைந்து வருடம் கழித்து, மகிந்த தளத்துக்குள் இருந்த நாட்களில், இந்தியப் படை வரப்போகிறது என்றொரு கதை கிளம்பியது. அதையும் உயர்ஸ்தானிகராலயம் மறுத்தது. நம்பியவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. 1987இல் அந்தப் படை உண்மையாகவே வந்திறங்கியது.