ஆட்டுக்கால் சூப்பும் கிண்டியில் ஒரு கங்காரு வாலும்

பேரிகைப் பக்கம் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும்னு ஓசூரைத் தாண்டி வந்தவங்களுக்குத் தெரியும். அந்தக் குளிர்ல சளி பிடிச்சா எங்க அவ்வா (எங்க வீட்ல பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம், பார்டர் ஊர் இல்லையா) ஆட்டுக்கால் சூப் வைப்பாங்க. ராத்திரி மீந்ததை மூடி வச்சிட்டு காலையில திறந்தா சூப்பு இருக்காது. கரண்டியில குத்தினா ஆடுற அல்வா மாதிரி ஒண்ணு இருக்கும். அடுப்புல வச்சா மறுபடி சூப்பு. "எலும்புச் சத்துடா, குடி"ன்னு அவ்வா சொல்வாங்க. பொறியியல் படிச்ச எனக்கும் ரொம்ப நாளா அவ்வளவுதான் தெரியும். உயிரியலை பத்தாம் வகுப்போட தலை முழுகின கோஷ்டி நான்.

அந்த அல்வாவுக்குப் பேர் ஜெலட்டின். வேக வைக்கறதுக்கு முன்னாடி அது கொலாஜன். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு எல்லாத்தையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிற புரதம். நம்ம உடம்புல இருக்கிற மொத்தப் புரதத்துல சுமார் 30 சதவீதம் இதுதான். இவ்வளவு இருந்தும் 1950களின் தொடக்கம் வரைக்கும் இதோட வடிவம் யாருக்கும் பிடிபடலை. அந்த முடிச்சை அவிழ்த்தது கேம்பிரிட்ஜும் இல்லை, கலிஃபோர்னியாவும் இல்லை. நம்ம கிண்டி.

ஆள் பேர் ஜி.என். ராமச்சந்திரன். 1922ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், அப்பா அங்கே கணக்குப் பேராசிரியர். 1942ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தது மின் பொறியியல் படிக்க. அங்கே இருந்த சி.வி. ராமன், "இவன் உங்க துறைக்கு ரொம்பக் கெட்டிக்காரன்"னு சொல்லி இயற்பியலுக்கு இழுத்துக்கிட்டார்னு ஒரு கதை சொல்வாங்க. பொறியாளர்களாகிய நாம இந்த இடத்துல மௌனமா அடுத்த பத்திக்குப் போயிடலாம் :-)

1952ல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடியது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் முதல்ல கேட்டது ராமனைத்தான். அவர் தன் மாணவரைக் கைகாட்டினார். அப்போ ராமச்சந்திரனுக்கு முப்பதுகூட ஆகலை. இங்கிலாந்திலிருந்து சென்னை வந்திருந்த ஜே.டி. பெர்னால் பேச்சுவாக்குல, கொலாஜன் வடிவம்தான் இன்னும் யாருக்கும் சரியா வரலைன்னு சொல்லிட்டுப் போனார். மாதிரிக்கு எங்கே போறது? பக்கத்துலயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல்னாலே கொலாஜன்தானே! நல்ல எக்ஸ்ரே படம் கொடுத்தது கங்காரு வால் தசைநாண்.

இங்க கொஞ்சம் அடிப்படை. புரதம்ங்கிறது அமினோ அமில மணிகளைக் கோத்த சரம். மணி மொத்தம் இருபது வகை. எந்த மணிக்குப் பின்னால எந்த மணிங்கிற வரிசைதான் சரம் எப்படி மடங்கும்னு தீர்மானிக்குது, மடிப்புதான் அது என்ன வேலை செய்யும்னு தீர்மானிக்குது. கொலாஜன்ல ஒரு விசித்திரம்: மணிகள்ல மூணுல ஒண்ணு கிளைசின். இருபதுலயும் சின்னது அதுதான், பக்கத்துல துருத்திக்கிட்டு நிக்கறது வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. மூணு சரம் ஒண்ணா முறுக்கிக்கிட்டா ஒவ்வொரு சரத்திலும் மூணாவது மணி நடுவுல மாட்டிக்கும். அந்த இடுக்குல கிளைசினைத் தவிர வேற எதுவும் நுழையாது. அதனாலதான் மூணுல ஒண்ணு! 1954ல் நேச்சர் இதழ்ல கட்டுரை வந்தது. 1955ல் திருத்தம்: மூணும் சும்மா பக்கத்துல நிக்கலை, கயிறு மாதிரி ஒண்ணை ஒண்ணு சுத்தியிருக்கு.

சூப்புக்கு வருவோம். கொதிக்க வச்சா அந்த மூணு புரிக் கயிறு பிரிஞ்சிடும். ஆறும்போது அங்கங்கே தப்பும் தவறுமா மறுபடி முறுக்கிக்கும், இடையில தண்ணி மாட்டிக்கும். அதான் அல்வா.

அதே 1955ல் இடி விழுந்தது. டி.என்.ஏ. புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் நேச்சர்ல எழுதினாங்க. மூணு புரி சரிதான், ஆனா சென்னை மாதிரியில சில அணுக்கள் ரொம்ப நெருக்கமா இருக்கு, மூணு மணிக்கு ரெண்டு ஹைட்ரஜன் பிணைப்பு சாத்தியமில்லை, ஒண்ணுதான் வரும்னு. கிரிக் அப்போ இருந்த உயரத்துக்கு, ஒரு வரி போதும் ஆளைச் சாய்க்க. இன்னைக்குப் பாட புத்தகங்கள்ல இருக்கிறது அவங்க சொன்ன ஒரு நேரடிப் பிணைப்புதான். அதை மறைச்சு 'வெள்ளைக்காரன் சதி'ன்னு எழுதற கட்டுரைகள் எனக்குப் பிடிக்கறதில்லை.

எனக்குப் பிடிச்சது ராமச்சந்திரன் அடுத்துச் செஞ்சது. சண்டை போடாம ஒரு கேள்வி கேட்டார்: நெருக்கம், நெருக்கம்ங்கிறீங்களே, எவ்வளவு நெருக்கம் வரைக்கும் சரி? அதுக்கு உறுதியான பதில் யார்கிட்டயும் இல்லை. அதுவரைக்கும் வடிவம் தெரிஞ்ச படிகங்களை எல்லாம் தோண்டி, எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் குறைஞ்சபட்ச தூரம் என்னன்னு பட்டியல் போட்டாங்க. கூட இருந்தவங்க வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன்.

அடுத்த படி நம்ம ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். சரத்துல ஒவ்வொரு மணிக்கும் திரும்பறதுக்கு முக்கியமா ரெண்டே கோணம்தான், ஃபை, சை. ரெண்டு ஃபார் லூப் போடுங்க. ஒவ்வொரு ஜோடிக் கோணத்துக்கும் அணுக்கள் முட்டுதான்னு பாருங்க. முட்டினா அடிச்சிடுங்க, முட்டலைன்னா கட்டத்துல புள்ளி வைங்க. நம்ம பொட்டியில கண்ணிமைக்கிற நேர வேலை. அவங்ககிட்ட இருந்தது மேசைக் கணக்கு எந்திரம். கட்டத்துல பெரும்பகுதி காலி, சின்னச் சின்னத் தீவா சில இடம்தான் அனுமதி. உலகத்துப் புரதம் எல்லாம் கிட்டத்தட்ட அந்தத் தீவுகளுக்குள்ளேதான் குடியிருக்கு. (கிளைசினுக்கு மட்டும் தாராளம், இடிக்கறதுக்கு அதுகிட்ட ஒண்ணும் இல்லையே.) 1963ல் வெளிவந்த அந்தப் படத்துக்கு ராமச்சந்திரன் வரைபடம்னு பேர். எட்டு வருஷம் முன்னாடி வந்த ஒரு குறைக்குப் பதில்!

இன்னைக்கும் உலகத்துல யாராவது ஒரு புரத வடிவத்தைக் கண்டுபிடிச்சா, இந்தப் படத்துல புள்ளி எங்கே விழுதுன்னு சோதனை போடறாங்க. வெளியே விழுந்தா முதல் சந்தேகம் நம்ம கணக்கு மேலதான். 2024ல் வேதியியல் நோபல்ல ஒரு பங்கைத் தன்னை உருவாக்கினவங்களுக்கு வாங்கிக் கொடுத்த ஆல்ஃபாஃபோல்ட் கணிக்கிற வடிவங்களையும் இதே தராசுல நிறுத்துப் பார்க்கறாங்க.

இந்தச் சரம் எங்கே கோக்கப்படுதுன்னு கேட்டா, செல்லுக்குள்ள. ரைபோசோம் மணியைக் கோக்கும். சில புரோலின் மணிகள் மேல ஆக்சிஜன் ஒட்டும், அதுக்கு வைட்டமின் சி வேணும். அப்புறம் மூணும் முறுக்கிக்கிட்டு செல்லை விட்டு வெளியே போய் நாராகும். அந்தக் காலத்து மாலுமிகளுக்கு எலுமிச்சை கிடைக்காம ஈறு ரத்தமா ஒழுகினது இந்த ஒரு படி தப்பினதாலதான். கயிறு நெகிழ்ந்து போச்சு.

ராமச்சந்திரன் 1970களில் பெங்களூர் போய் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை உருவாக்கினார். 1971ல் ஏ.வி. லட்சுமிநாராயணனோட சேர்ந்து, எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கிற ஒரு கணக்கு முறையையும் எழுதினார். சி.டி. ஸ்கேனுக்கு உதவின முறை அது. நோபல் கிடைக்கலை. 2001ல் சென்னையில் காலமானார். எர்ணாகுளம், பெங்களூர், சென்னை மூணும் சொந்தம் கொண்டாடலாம். எங்க பேரிகை மாதிரிதான், மூணு பாஷைக்காரனும் நம்ம ஊருன்னு சொல்வான்.

போன தடவை ஊருக்குப் போனப்போ இந்தக் கதையை அவ்வாகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, கங்காருன்னா எதுடான்னாங்க. செல்போன்ல படம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இவ்ளோ பெரிய காலை விட்டுட்டு வாலையா எடுத்தாங்க?"ன்னு கேட்டாங்க.